நீதமான குலுக்கல்

ஒரு கண்ணில் வெண்ணெயும் மறு கண்ணில் சுண்ணாம்பும் வைக்கிறவர் என்று என் வீட்டுக்காரர் சிக்கந்தரைக் கம்பத்தில் ஒருத்தரும் சொல்லிவிட முடியாது. இரண்டு கண்ணிலும் ஒரே அளவு சுண்ணாம்புதான் வைப்பார்.

எனக்கு ஒரு மிக்சி வாங்கினால் இரண்டாவதாகக் கட்டிய சம்சாத்துக்கும் ஒன்று, அதே கம்பெனி, அதே நிறம். பெருநாளைக்கு எனக்கு மயில் கழுத்து நிறத்தில் சேலை வந்தால் அவளுக்கும் மயில் கழுத்துதான். ஒருமுறை இரண்டு பேரும் அதைக் கட்டிக்கொண்டு உத்தமபாளையத்தில் ஒரு நிக்காஹ்வுக்குப் போயிருந்தோம். பந்தி விசாரிக்க வந்த ஆட்கள் என்று நினைத்து ஒரு அம்மா என்னிடம் தண்ணீர் கேட்டது. ஒரு ராத்திரி என் வீடு, மறு ராத்திரி இரண்டு தெரு தள்ளி அவள் வீடு. இதற்கு முறை என்று பெயர். ஏன் இப்படி என்று கேட்டால், நீதம் வேண்டாமா என்பார். திராட்சைத் தோட்டங்களுக்குக் கல்காலும் பந்தல் கம்பியும் விற்கிற கடை அவருடையது. அளந்து வெட்டிக் கொடுத்தே பழகிய கை.

ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டே, குமுளியில் ஒரு பெண்ணைப் பார்த்திருப்பதாகச் சொன்னார். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போன ஜீப் கவிழ்ந்து புருஷனைப் பறிகொடுத்தவள், பிள்ளை இல்லை, தகப்பன் இல்லை, ஆதரவு கொடுத்தால் நன்மை, மார்க்கத்தில் நாலு வரைக்கும் இடமிருக்கிறது என்றார். பஸ்ஸில் இடமிருக்கிறது என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார். நான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். நீதமாக நடக்க முடியாது என்று பயந்தால் ஒன்றோடு நிறுத்திக்கொள் என்றும் அதே வசனத்தில் இருக்கிறதே என்று கேட்டேன்.

"எனக்குப் பயமில்ல," என்றார்.

எங்களுக்குள் அதைப் பற்றி நடந்த பேச்சு அவ்வளவுதான். என்னிடம் அவர் கேட்கவில்லை, சொன்னார். இருபத்திரண்டு வருடம் சோறு பொங்கிப் போட்டவளுக்கு ரசத்துக்கும் மோருக்கும் நடுவில் ஒரு தகவல்.

சம்சாத் வந்த அன்றைக்கு என்னை 'இத்தா' என்று கூப்பிட்டாள். மலையாளத்து முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். எங்கள் ஊரில் இத்தா என்றால் புருஷன் செத்தவள் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருப்பது. வந்ததும் வராததுமாக என்னை இத்தாவில் உட்கார வைக்கப் பார்க்கிறாயா என்று ஒரு பிடி பிடித்துவிட்டேன். அரண்டுபோய் அன்றோடு அக்காவுக்கு மாறினாள். அப்படி உட்காருகிற நாள் வந்தால் இரண்டு பேருமாகத்தான் உட்கார வேண்டும் என்பது பிறகுதான் எனக்குத் தோன்றியது. அவளை வெறுக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வெறுக்கிற மாதிரி ஒன்றையாவது அவள் செய்து தொலைத்திருக்கலாம்.

போன வருடம் மாமிக்கு, அதாவது அவருடைய அம்மாவுக்கு, பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. என் வீட்டில்தான் கிடக்கிறார்கள். பகலில் சம்சாத் வந்து துடைத்துவிடுவது, புரட்டிப் படுக்கவைப்பது, கஞ்சி ஊட்டுவது எல்லாம் செய்வாள். அவளுடைய முறை நாளில் அவர் தன் அம்மாவைப் பார்க்க வந்தால் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டே பேசுவார், உட்கார மாட்டார். காப்பி நீட்டினால் வாங்க மாட்டார். "இன்னிக்கு அங்கன முறை," என்பார். என் கையால் ஒரு டம்ளர் காப்பி குடிக்க என் புருஷனுக்கு நாள் பார்க்க வேண்டியிருந்தது. இதை யாரிடம் போய்ச் சொல்லி அழுவது? சொன்னால் அவரைத்தான் மெச்சுவார்கள்.

இந்த நிலையில் ஹஜ்ஜுக்குப் போவோம் என்று ஆரம்பித்தார். வயது ஐம்பத்தாறு ஆகிவிட்டது, கடமையை முடிக்க வேண்டும் என்றார். மாமியை விட்டுவிட்டு மூன்று பேரும் போக முடியாது. வேற்று ஆள் ஊட்டினால் மாமி வாயை இறுக்கிக்கொள்வார்கள். ஆக ஒருத்தி போக வேண்டும், ஒருத்தி இருக்க வேண்டும். இருபத்தொன்பது வருடப் பொண்டாட்டி நான் இருக்க இதில் என்ன யோசனை என்றுதான் நினைத்தேன். அவர் பள்ளிவாசலுக்குப் போய் ஹஜரத்திடம் சட்டம் கேட்டுவிட்டு வந்தார். நபியவர்கள் பயணம் கிளம்பும்போது மனைவிமாருக்குள் சீட்டுக் குலுக்கிப் பெயர் வந்தவரை அழைத்துப்போவார்களாம். பயண நாட்கள் முறைக் கணக்கில் சேராதாம், திரும்பி வந்து மற்றவளுக்கு ஈடுகட்ட வேண்டியதில்லையாம். அவர் முகத்தில் அன்றைக்கு இருந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. நீதத்துக்கு ஒரு புது வழி கிடைத்துவிட்டது.

எனக்கு அந்த ஈடுகட்ட வேண்டியதில்லை என்ற சொல்தான் மனசில் ஒட்டிக்கொண்டது. நாற்பது நாள். முறை இல்லை, அங்கன இங்கன இல்லை. ஒரே அறை, ஒரே தட்டு, காலையில் கண் விழித்தால் பக்கத்தில் அவர். அல்லாஹ்வின் வீட்டைப் பார்க்க ஆசைப்பட்டேனா, அந்த நாற்பது நாளுக்கு ஆசைப்பட்டேனா என்று கேட்டால் இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

சம்சாத்துக்கு இருந்த ஆசை வேறு. அவளைப் பெற்ற அத்தா அவளுடைய பதினாலு வயதில் ஹஜ்ஜுக்குப் போனார். மதீனாவில் நெஞ்சுவலி வந்து மௌத்தாகி, அங்கேயே பகீ மையவாடியில் அடக்கிவிட்டார்கள். குமுளிக்குப் போனில் செய்தி வந்தது, அவ்வளவுதான். மாமிக்குத் தலை சீவிவிட்டபடி ஒருநாள் என்னிடம் சொன்னாள்: "பொம்பளைகள உள்ள விட மாட்டாகளாம்க்கா. பரவால்ல. சுவருக்கு வெளிய நின்னு எங்கத்தாவுக்கு ஒரு ஸலாம் சொன்னாப் போதும்." சொல்லிவிட்டு, சீட்டில் யார் பெயர் வருகிறதோ வரட்டும் என்றும் சேர்த்துக்கொண்டாள். எனக்கு அது தெரியும். தெரியாது என்று சொல்லித் தப்பிக்கிற வழி எனக்கு இல்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து மாமியின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தோம். அவருடைய கண்ணாடி கடையில் கிடந்தது. சம்சாத் குமுளியில் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவள், தமிழ் நன்றாகப் பேசுவாளே தவிர ஓர் எழுத்து தெரியாது. பஸ் போர்டைக்கூட என்னைத்தான் படிக்கச் சொல்வாள். அதனால் சீட்டு எழுதுகிற வேலை எனக்கு வந்தது. உள்ளே போய் நாள்காட்டித் தாளைக் கிழித்து இரண்டாக்கி, ஒன்றில் பல்கீஸ் என்று என் பெயரை எழுதினேன். மற்றதிலும் பல்கீஸ் என்றே எழுதினேன்.

சைத்தான் கையைப் பிடித்து எழுதினான், தலை சுற்றியது, கை நடுங்கியது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். கை கொஞ்சமும் நடுங்கவில்லை. என் வாழ்க்கையை என்னைக் கேட்காமலே ஏழு வருடத்துக்கு முன்னால் குலுக்கிப் போட்டார்களே, இந்த ஒருமுறை நான் போட்டுக்கொள்கிறேன் என்றுதான் நினைத்தேன். மடித்து ஒரு எவர்சில்வர் டம்ளரில் போட்டுக்கொண்டு வந்தேன்.

மாமிக்கு அசைகிற கை இடது கைதான். அந்தக் கையை டம்ளருக்குள் விட்டு ஒன்றை எடுத்தார்கள். அவர் வாங்கி, கையைத் தூரமாக நீட்டிப் பிடித்துக்கொண்டு எழுத்துக்கூட்டி வாசித்தார். பிறகு, அல்லாஹ்வே தேர்ந்தெடுத்துவிட்டான், இதில் மனுஷன் கை எங்கே இருக்கிறது என்றார். சம்சாத் என் கையைப் பிடித்து முத்தமிட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. "அல்லாவோட நாட்டம்க்கா," என்றாள். அந்த நேரம் பார்த்து மாமிக்குப் புரையேறியது. நான் தலையை நிமிர்த்திப் பிடித்து, நெஞ்சைத் தடவி, துணி மாற்றிவிட்டு வந்து பார்த்தால் டம்ளர் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. மிச்சச் சீட்டைக் காணோம். குப்பை வாளியைக் கொட்டித் தேடினேன், இல்லை. தண்ணீரோடு போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அவள் கையில் கிடைத்திருந்தாலும் படிக்கத் தெரியாதவளுக்கு அது வெறும் கிறுக்கல்தானே என்றும் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பெயர் வந்த சீட்டை அவர் எறியவில்லை. பிரிட்ஜ் கதவில் டேப் போட்டு ஒட்டிவிட்டார். வருகிறவர்கள் போகிறவர்களுக்கெல்லாம் காட்டி, இரண்டு பொண்டாட்டி கட்டினவனுக்கு இப்படித்தான் நீதம் வேண்டும் என்று பேசுவார். கடைக்குக் கம்பி வாங்க வந்த சுருளிவேல் கவுண்டர் வீடுவரைக்கும் வந்து பார்த்துவிட்டு, எனக்கு இருக்கிற ஒன்றுக்கே என்னால் நீதம் செய்ய முடியவில்லை என்று கும்பிட்டுப் போனார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஒருநாள் காலையில் பால் எடுக்கப் போனபோது சம்சாத் அந்த பிரிட்ஜுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். சீட்டில் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகத் தடவிக்கொண்டிருந்தாள்.

"இது ப தானக்கா? மலையாளத்துலயும் கிட்டத்தட்ட இப்பிடித்தான் இருக்கும்," என்றாள். ஆமாம் என்றேன். "என் பேரை எப்பிடி எழுதுவீக?"

மருந்துக்கடைக் கவர் ஒன்றை எடுத்து, சம்சாத் என்று எழுதிக் கொடுத்தேன். அன்றைக்குத்தான் அந்தப் பெயரை நான் எழுதினேன். அவள் கவரை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு, "இப்பிடி இருக்குமா," என்றாள். மாமிக்குக் கஞ்சி ஆற்றப் போய்விட்டாள்.

அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. இரண்டு சீட்டிலும் இருப்பது ஒன்றுதான் என்று கண்டுபிடிக்க எழுத்து எதற்கு? இரண்டு கோலம் ஒரே மாதிரி இருந்தால் கண் சொல்லிவிடாதா? பூனை கண்ணை மூடிக்கொண்ட கதைதான் என் கதை. ஆனாலும் கண்டுபிடித்திருந்தால் அவரிடம் சொல்லியிருப்பாளே, சண்டைக்கு வந்திருப்பாளே, நான் அப்படித்தானே செய்திருப்பேன் என்று மறுபடி ஒரு சந்து தேடி நுழைந்துகொண்டேன்.

டிராவல்ஸில் பாஸ்போர்ட் கொடுக்க அன்றைக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. அந்தப் பத்து நாளில் என்றைக்கு வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். ஊர் சிரிக்கும், அவர் முகத்தில் முழிக்க முடியாது, அவ்வளவுதானே, உயிர் போயிருக்காது. சொல்லவில்லை. பாஸ்போர்ட் போயிற்று. விசாவும் வந்தது. வந்த அன்றைக்கு எனக்குள் ஒரு நிம்மதி எட்டிப்பார்த்தது பாருங்கள், அதுதான் இருப்பதிலேயே கேவலம். இனிமேல் சொன்னாலும் ஆளை மாற்ற முடியாது என்ற நிம்மதி.

ஹஜ்ஜுக்குப் போகிற பெண்களுக்கு மதரஸாவில் வகுப்பு நடந்தது. ஹஜரத்தின் மனைவிதான் சொல்லிக்கொடுத்தார்கள். இஹ்ராம் எப்படி, தவாஃப் எப்படி, கூட்டத்தில் கை விட்டுப்போனால் என்ன செய்வது என்று எல்லாம் சொன்னார்கள். கடைசி நாளில், முறையாக ஹஜ் செய்து திரும்புகிறவர் அன்று பிறந்த பிள்ளை மாதிரி என்றார்கள். சொல்லிவிட்டு ஒன்றைச் சேர்த்தார்கள். மனுஷருக்கு மனுஷர் செய்த குற்றம் மட்டும் அப்படிப் போகாது, ஒருத்தருடைய ஹக்கை, அவருக்குச் சேர வேண்டிய உரிமையை, எடுத்திருந்தால் அவர்தான் மன்னிக்க வேண்டும், அதில் அல்லாஹ்வே கை வைப்பதில்லை என்றார்கள். பக்கத்தில் இருந்தவள் எழுதிக்கொண்டாள். எனக்கு எழுதிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

அதனால்தான் எங்கள் ஊரில் ஹஜ்ஜுக்குக் கிளம்புகிறவர்கள் வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்பார்கள். தெரிந்தும் தெரியாமலும் ஏதாவது செய்திருந்தால் மன்னித்துவிடுங்கள் என்று கேட்க வேண்டும், மன்னித்துவிட்டேன் என்று அவர்கள் சொல்ல வேண்டும். சொந்தக்காரர்கள், சண்டைக்காரர்கள், பால்காரர் என்று ஒருத்தர் பாக்கியில்லாமல் கேட்டேன். எதிர்வீட்டுப் பாண்டியம்மாள் வாசலில் சாணி தெளித்துக்கொண்டிருந்தது. நான் கேட்டதும் வாளியைக் கீழே வைத்துவிட்டது. "நீங்க எனக்கு என்னத்தா செஞ்சீக? எங்க சேவலைக் கல்லக்கொண்டு எறிஞ்சீகளே, அதுவா? சேவல் மன்னிச்சிருச்சு, போயிட்டு வாங்க," என்றது. இப்படிச் சிரித்தும் அழுதும் எண்பது தொண்ணூறு வீடு ஆகிவிட்டது. இரண்டு தெரு தள்ளி இருக்கிற வீட்டுக்கு மட்டும் போகவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்து, கிளம்புகிற நாளும் வந்துவிட்டது.

நெடும்பாசேரியில் விமானம். காலை ஒன்பது மணிக்குக் கார் வந்து நின்றது. மாமிக்காகச் சம்சாத் முந்தின நாளே தன் துணிமணியோடு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். கூடத்தில் உறவுக்காரர்கள் நிரம்பியிருந்தார்கள். அவர் எல்லோர் முன்னாலும் சம்சாத்தைக் கூப்பிட்டு, இந்த ஏழு வருடத்தில் உனக்கு நான் ஏதாவது நீதக்கேடு செய்திருந்தால் மன்னித்துவிடு என்று கேட்டார். மன்னித்துவிட்டேன் என்று அவள் உடனே சொன்னாள். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். என்னிடம் அவர் கேட்கவில்லை. கூடவே வருகிறவள்தானே என்று நினைத்திருப்பார்.

நான் அடுப்படிக்குப் போனேன். சம்சாத் என் அடுப்பில் மாமிக்குக் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள். கூடத்தில் பேச்சும் துஆவும் கேட்டுக்கொண்டிருந்தன. அடுப்படியில் நாங்கள் இரண்டு பேர்தான்.

"தெரிஞ்சும் தெரியாமலும் உனக்கு நான் ஏதாச்சும் செஞ்சிருந்தா மன்னிச்சிரு, சம்சாத்," என்றேன். எண்பது தொண்ணூறு வீட்டில் சொல்லிச் சொல்லி எனக்கு வாயில் தானாக வருகிற வாக்கியம்.

அவள் கிண்டுவதை நிறுத்தவில்லை. "தெரியாமச் செஞ்சதெல்லாம் மன்னிச்சிட்டேன்க்கா," என்றாள்.

மிச்சத்தையும் சொல்வாள் என்று நின்றேன். அவள் சொல்லவில்லை. நான் சொல்வேன் என்று அவள் நிற்கிறாள் என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. அவள் சண்டை பிடித்திருந்தால் பதிலுக்குச் சண்டை பிடித்திருப்பேன். ஏழு வருடமாக நான் சேர்த்து வைத்திருந்த எல்லாவற்றையும் எடுத்து வீசியிருப்பேன். அவள் எனக்கு இடம் விட்டுக்கொண்டு சும்மா நின்றாள். இரண்டு சீட்டிலும் என் பேரைத்தான் எழுதினேன், நாலைந்து சொல்தான். வாயைத் திறந்தேன். வெளியே கார் ஹாரன் அடித்தது. அவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

சம்சாத் அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"மதீனாவுக்குப் போனா பகீக்குப் போவீகல்ல. சுவருக்கு வெளிய நின்னு எங்கத்தாவுக்கு என் ஸலாத்தைச் சொல்லுங்கக்கா. மக ஏன் வரலைன்னு கேப்பாக. அதை நீங்களே சொல்லிருங்க."

சொல்லிவிட்டுக் கஞ்சியை எடுத்துக்கொண்டு மாமியின் அறைக்குப் போய்விட்டாள்.

கூடலூர் தாண்டும்வரை நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன். பிரிவு தாங்காமல் இருக்கிறேன் என்று நினைத்து அவரும் விட்டுவிட்டார். லோயர் கேம்ப்பில் வண்டி மலையேறத் தொடங்கியபோது, சம்சாத்திடம் மன்னிப்புக் கேட்டாயா என்று கேட்டார். கேட்டேன் என்றேன். மன்னித்துவிட்டாளா என்றார்.

"அவுக அத்தாவுக்கு ஸலாம் சொல்லச் சொன்னா," என்றேன்.

அவருக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. போக முடியாதவள் ஒரு வார்த்தை குறை சொன்னாளா பார், நீதமாக நடந்தால் வீடு இப்படித்தான் இருக்கும் என்றார். ஏழு வருடத்துக்குப் பிறகு, இன்றைக்கு யார் முறை என்று பார்க்காமல் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். நான் ஆசைப்பட்ட நாற்பது நாளில் முதல் நாள் அது. கையை உருவிக்கொள்ளலாம் போல இருந்தது.

"மறந்துறாத பல்கீசு," என்றார். "அந்தப் பிள்ளை சொல்லிவிட்டதை மறக்காமச் சொல்லிரு."

சரி என்றேன்.